அரைப்பேரும் முழுப்பேரும்

அட்டன் நகரிலிருந்து சில கல் தொலைவில், தேயிலைச் சரிவு ஒன்றின் மேல் நிற்கும் சிறு தேவாலயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் பிரசங்கம் கேட்க நேர்ந்தது. கேட்டிருந்தோரில் பெரும்பாலார் கொழுந்து பறிக்கும் பெண்கள். போதகர் இளைஞர்; மலைநாட்டிலேயே பிறந்தவர்; தம் மக்களின் வாழ்விலிருந்தே அவர்களுக்குப் பாடம் சொல்ல விரும்பினார். மாலையில் கொழுந்து மடுவத்தில் தராசில் ஏறும் கூடையை அவர் எடுத்துக்காட்டினார். நிறை சரியாக இருந்தால் கணக்கப்பிள்ளை முழுப்பேர் போடுகிறார்; குறைந்தால் அரைப்பேர். இறுதி நாளில் நம் ஆத்துமாவும் இவ்வாறே நிறுக்கப்படும். அன்று நம் கூடையில் என்ன இருக்கும் என்று அவர் கேட்டார். பெண்கள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தனர்.

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது முதியவள் ஒருத்தி பக்கத்தில் வந்தவளிடம் மெல்லச் சொன்னாள்: "ஏன் புள்ள, அங்கயாவது தண்ணிக்குன்னு கழிக்க மாட்டாங்கதானே?"

மலைநாட்டுக்கு வெளியே வாழும் வாசகர்க்கு இதைச் சற்று விளக்க வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்குரிய சம்பளப் பதிவு. தோட்டம் விதித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் முழுப்பேர். அந்த நிறை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். பதினெட்டுக் கிலோ என்பார்கள், இருபது என்பார்கள். எட்டாவிட்டால் அரைப்பேர், காலை முதல் மாலை வரை மலையில் நின்றவள் அரைநாள் நின்றவளாகவே கணக்கில் ஏறுவாள். நிறுக்கும்போது சாக்குக்கு என்றும், மழையில் நனைந்த இலையின் தண்ணீருக்கு என்றும் சில கிலோ கழிப்பது வழக்கம். அந்தக் கழிவு இலையின் ஈரத்தை மட்டும் பொறுத்ததன்று என்பது தொழிலாளரின் நெடுநாள் முறைப்பாடு.

முதியவளின் கேள்வியை நாம் பலநாள் மறக்கவில்லை. போதகர் தீய எண்ணம் உடையவரல்லர். ஆயினும் அவருடைய உவமையில் கணக்கப்பிள்ளையின் தராசு கடவுளின் கைக்குப் போய்விட்டது. அங்கே போனதும் அது நேர்மையான தராசு ஆகிவிட்டது. அதன் கழிவும், நிறையை விதித்தவரின் அதிகாரமும், அரைப்பேர் என்ற வழக்கமும் கேள்விக்கு அப்பாற்பட்ட இயற்கை நியதிபோல் நின்றன. முதியவளோ கடவுளின் தராசு வேறாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பினாள். நம்பிக்கை அவளிடம் குறைவாக இல்லை. அந்த நம்பிக்கையே அவளைக் கேள்வி கேட்க வைத்தது.

அன்றாட வாழ்வில் ஆன்மிகப் பாடம் காண்பது தகுமா என்பது நம் கேள்வியன்று. அது மனித மனத்தின் இயல்பு. மண்ணையும் மழையையும் பார்த்து அவற்றுக்கு அப்பால் ஒரு பொருளைத் தேடாத சமுதாயம் எங்கும் இருந்ததில்லை. மலைநாட்டுத் தேவாலயங்களில் அட்டை பாவத்துக்கு உவமையாகிறது. மூடுபனி ஐயத்துக்கு உவமையாகிறது. கவ்வாத்து துன்பத்தின் பயனுக்கு உவமையாகிறது. நாம் கேட்க விரும்புவது வேறு. ஒரு பொருளிலிருந்து பாடத்தை எடுத்துக்கொண்ட பிறகு, அந்தப் பொருளுக்கும் அதனோடு வாழும் மனிதருக்கும் என்ன நேர்கிறது? கவ்வாத்து வெட்டிய செடி மீண்டும் தளிர்ப்பது உண்மை. துன்பப்பட்டவர் உறுதி பெறுவதும் சிலவேளை உண்மை. செடியின் தளிர் யாருக்குப் போகிறது என்பதும் உண்மைதானே? பாடம் சொல்பவர் முதல் இரண்டையும் சொல்லி மூன்றாவதை விட்டுவிட்டால், அவர் செடியைப் பார்த்தவர் ஆகமாட்டார்.

இயேசுவின் உவமைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் வருபவை எல்லாம் கைபட்ட பொருள்கள்: புளித்த மா, விளக்கு, தொலைந்த ஒரு காசு, விதை, வலை, கடன் சீட்டு, கூலி. கேட்டவர்கள் கலிலேயாவின் ஏழை உழவர்கள், மீனவர்கள், நாட்கூலிகள். காசைத் தொலைத்த பெண் வீடு முழுவதும் பெருக்கித் தேடினாள் என்றால் அந்தக் காசின் பெறுமதி அவர்களுக்குத் தெரியும். நீதி கேட்டு நீதிபதியை ஓயாமல் நச்சரித்த விதவையின் கதையை லூக்கா தருகிறார். அது சோர்வின்றிச் செபிப்பதற்குரிய பாடம் என்பது மரபான விளக்கம். விளக்கம் தவறன்று. ஆனால் அந்தக் கதையில் ஒரு விதவைக்கு அநீதி நடந்திருக்கிறது, நீதிபதி அசையவில்லை, அவள் விடவில்லை. இவற்றை நீக்கிவிட்டால் செபத்தைப் பற்றிய பாடமும் நிற்பதற்கு இடமின்றிப் போகும்.

நம் மலைநாட்டில் இந்தப் பாடங்கள் எந்தச் சூழலில் வந்தன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1854ஆம் ஆண்டு, கோப்பிக் காலத்தில், சர்ச் மிஷன் சங்கத்தார் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பணியைத் தொடங்கினர். தோட்டத் துரைமார் அதற்குச் சந்தா கொடுத்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்தனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் பின்னர் கோப்பியை அழித்தது. தேயிலை மலையெங்கும் பரவியது. பயிர் மாறியது; லயமும் கங்காணியும் பெரட்டும் மாறவில்லை. உபதேசிமாரின் பணியை நாம் இகழமாட்டோம். யாரும் எட்டிப் பாராத லயங்களுக்குள் அவர்கள் போனார்கள், எழுத்தறிவித்தார்கள். ஆனால் சம்பளம் கொடுப்பவரின் அனுமதியோடு தோட்டத்துக்குள் வந்தவர், சம்பளத்தைப் பற்றிச் சுதந்திரமாகப் பேசுவது எளிதன்று. அறுவடைக்காரருக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் நிருபம் சொல்கிறது. பெரட்டுக்களத்தில் அந்த அதிகாரத்தை விரிப்பதற்கு மிகுந்த துணிவு வேண்டும்.

கடன் என்ற சொல்லையே பார்ப்போம். இயேசு கற்பித்த செபத்தில், மத்தேயு தரும் வடிவத்தில், மன்னிக்கும்படி கேட்கப்படுவது கடன். சீர்திருத்த சபையாரின் தமிழ் விவிலியமும் அச்சொல்லை அப்படியே வைத்திருக்கிறது. மூலமொழியிலும் அதன் பொருள் கொடுக்க வேண்டிய பாக்கிதான். லயத்தில் இருந்தவனுக்குக் கடன் என்றால் என்ன? ஊரிலிருந்து வந்த வழிச் செலவையும் முற்பணத்தையும் கங்காணி அவன் பேரில் எழுதினான். அவன் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். அவனும் அவனுடைய கூட்டத்தாரும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைக் காட்டும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தத் தொகையைத் தீர்த்தால்தான் அவனுக்கு விடுதலை. தொகைக்கு ஆள் கைமாறும் இந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இத்தகைய மனிதன் இரவு லயக் காம்பராவில் முழங்காலிட்டு அந்தச் செபத்தைச் சொன்னபோது, கடன் என்பது பாவத்தைக் குறிக்கும் என்று அவனுக்கு விளக்கப்பட்டது. பாவத்தையும் குறிக்கும்தான். ஆனால் ஏழாம் ஆண்டில் கடன்களை விட்டுவிட வேண்டும், ஐம்பதாம் ஆண்டில் அடிமைப்பட்டவனும் அவன் நிலமும் மீள வேண்டும் என்று விதித்த பழைய வேதத்தில் வளர்ந்தவர் இயேசு. அவர் அந்தச் சொல்லை உச்சரித்தபோது கேட்டவர்கள் காதில் கணக்குப் புத்தகமும் விழுந்திருக்கும். ஆத்துமாவின் கடனை மட்டும் பேசி, கங்காணியின் கணக்கைப் பேசாமல் விட்டது பாதிச் செபம்.

இப்போது 'பேர்' என்பதற்கு வருவோம். மத்தேயுவின் இருபதாம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் கதை இருக்கிறது. மலைநாட்டுக்கென்றே சொல்லப்பட்டதோ என்று தோன்றும் கதை. தோட்டக்காரன் விடியற்காலையில் போய் ஒரு வெள்ளிக்காசு நாட்கூலி பேசி ஆட்களை அழைத்து வருகிறான். பின்னர் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி வேளைகளிலும் போய் அழைத்து வருகிறான். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது மீண்டும் போனால், இன்னும் சிலர் சும்மா நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அழைத்துக்கொள்கிறான். மாலையில் எல்லாருக்கும் அதே ஒரு காசு. நாள் முழுவதும் வெயிலில் நின்றவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

இது கடவுளின் கிருபையைப் பற்றிய கதை என்று சபைகள் கற்பித்து வந்திருக்கின்றன. கடைசியில் மனந்திரும்பியவனுக்கும் முழு இரட்சிப்பு உண்டு என்பது பொருள். தோட்டத் தொழிலாளிக்கு இந்தக் கதை வேறொரு வாசல் வழியாகவும் திறக்கும். ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கு அரைப்பேர் போடாமல், கால்பேர் போடாமல், தோட்டக்காரன் முழுப்பேர் போட்டான். ஏன் போட்டான்? ஒரு காசு என்பது அக்காலத்தில் கூலிக் குடும்பம் ஒன்றின் ஒரு நாள் பிழைப்பு. பகலெல்லாம் வேலை கிடைக்காமல் நின்றவன் வீட்டிலும் பிள்ளைகள் முழு வயிற்றோடுதான் பிறந்திருக்கின்றன. அரைக்காசு கொண்டு போனால் அங்கே அரைப்பட்டினி. மனிதனின் தேவை அவன் கூடையின் நிறையைப் பார்த்துக் குறைவதில்லை. இதைத்தான் அந்தக் கதை கூலிக் கணக்கின் மொழியிலேயே சொல்கிறது.

இந்த உவமையைப் பொருளாதாரப் பாடமாகப் படித்தவர்கள் நமக்கு முன்பே உண்டு. ஆங்கில அறிஞர் ரஸ்கின் 1860இல் எழுதிய கட்டுரைகளுக்கு இந்தக் கதையிலிருந்தே தலைப்பு எடுத்தார். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் சென்ற காந்தியடிகள் இரவெல்லாம் அந்நூலைப் படித்தார். வழக்கறிஞரின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் ஒரே மதிப்பு என்ற முடிவுக்கு வந்தார். பீனிக்ஸ் குடியிருப்பு அதன் விளைவு. பின்னர் அதைக் குஜராத்தியில் 'சர்வோதயம்' என்ற பெயரில் சுருக்கித் தந்தார். அவரே 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து மலைநாட்டிலும் மக்களைச் சந்தித்தார். ஆக, பாலஸ்தீனத்துக் கூலிக் கதை ஒன்று, இலண்டன் வழியாகவும் தென்னாபிரிக்கா வழியாகவும் சுற்றி, நம் மலைகளுக்கு மிக அருகில் வந்து போயிருக்கிறது.

ஆனால் ஒரு கடினத்தை மறைக்கலாகாது. கதையின் முடிவில் தோட்டக்காரன், என் பொருளை என் விருப்பப்படி கொடுக்க எனக்கு உரிமையில்லையா என்று கேட்கிறான். இந்தக் கேள்வியைத் துரைமாரும் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். கூட்டிக் கொடுக்கும் விருப்பம் உரிமை என்றால், குறைத்துக் கொடுக்கும் விருப்பமும் உரிமையாகிவிடும். நல்ல துரை வந்தால் லயத்துக்குக் கூரை மாறும், கெட்ட துரை வந்தால் தண்ணீர்க் குழாயும் அடைபடும் என்ற நிலையில் மலைநாடு பல தலைமுறை வாழ்ந்தது. தருமம் கொடுப்பவனின் கைக்குக் கட்டுப்பட்டது, உரிமை அப்படியன்று. முதலாளியைத் தர்மகர்த்தா என்று கொண்ட காந்தியடிகளின் கொள்கையோடு இடதுசாரிகள் மாறுபட்டதும் இவ்விடத்திலேதான்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அன்று கேட்கப்பட்டது நாளுக்குச் சில சதங்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 மார்ச்சில், நாட்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானி அறிவித்தது. அதற்கு முன் நடந்த ஆர்ப்பாட்டங்களை வாசகர் அறிவர். கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. கூலி கூடியதும் பறிக்க வேண்டிய நிறையையும் கூட்டினார்கள் என்ற முறைப்பாடு பல தோட்டங்களில் எழுந்தது. அதாவது வர்த்தமானியில் வந்த ஆயிரம் ரூபா, தராசுக்கு வந்தபோது மீண்டும் அரைப்பேர் என்ற பழைய வாசலில் நின்றது. விசுவாசி கிருபை என்று சொல்வதை நாம் உரிமை என்று சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்வோம். கேட்காமலே வருவது கிருபை. கேட்டு, கூடிப் போராடி, சட்டத்தில் எழுதப்படுவது உரிமை. ஆயினும் உவமையைக் கேட்டு உள்ளம் உருகியவர், திங்கட்கிழமை அரைப்பேர் போடுவதைப் பார்த்து உருகாதிருந்தால், அவர் கேட்டது எந்தக் கதை?

'பேர்' சம்பளத்தோடு நிற்கவில்லை. ஆயன் தன் ஆடுகளைப் பேர் சொல்லி அழைக்கிறான் என்பது யோவான் நற்செய்தியில் வரும் படிமம். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பேர் வழங்கப்படுகிறது. 1947 தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் வாக்களித்து இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பேரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அவர்கள் தொகையாயினர்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பின்னர் தீர்மானிக்க. கொழுந்தைப் பங்கிட்டதுபோல் மக்களைப் பங்கிட்டார்கள். எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 வரை வந்துகொண்டிருந்தது. பேர் சொல்லி அழைக்கும் ஆயனைப் பற்றி அந்த ஆண்டுகளில் பிரசங்கித்தவர்கள், பேர் நீக்கப்பட்ட மக்களின் முன்னால்தான் நின்றார்கள்.

சிலர் அதை உணர்ந்தார்கள் என்பதையும் சொல்வது நம் கடமை. 1958இல் தோன்றிய கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை, தொழிற்சங்க இயக்கத்தோடு சேர்ந்து நின்று, மே தினத்தில் உழைப்பாளர் திருப்பலி நடத்தியது. இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் 'சத்தியோதய' நிலையத்தை நிறுவினார். தமிழரும் சிங்களவரும் அங்கே ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். 2017இல் மறையும் வரை மலைநாட்டு மக்களின் உரிமைக்காக எழுதினார், பேசினார். உணவுத் தட்டுப்பாட்டில் 1974ஐ ஒட்டிய மாதங்களில் தோட்டங்களில் பசி பல உயிர்களைக் குடித்தது. ரொட்டிக்கு மாவில்லாத லயத்தில் அன்றன்றைய அப்பத்தைக் கேட்கும் செபத்துக்கு இரண்டு விளக்கம் இருக்க முடியாது. இத்தகையவர்கள் மதத்தை விட்டு வந்தவர்களல்லர். மதத்துக்குள் நின்றே அந்தச் செபத்தை அதன் நேர்ப்பொருளில் வாசித்தவர்கள்.

இனி நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லாமல் விடலாகாது. முற்போக்காளராகிய நாமும் உவமைக்காரர்களே. கோப்பையில் இருப்பது தேநீரன்று, தொழிலாளியின் இரத்தம் என்று எத்தனை கவிதைகள் எழுதினோம்! கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணை எத்தனை மலர்களின் அட்டையில் அச்சிட்டோம்! அவளுடைய தோட்டத்தில் ஒரு பேருக்கு எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு, மலசலகூடம் எங்கே, பிள்ளைமடுவத்தில் பிள்ளையைப் பார்ப்பவர் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? போதகர் அவளைக் கொண்டு பரலோகத்தை விளக்கினார். நாம் அவளைக் கொண்டு புரட்சியை விளக்கினோம். இரண்டு இடத்திலும் அவள் விளக்கமாக நின்றாள். வகுப்பறையில் மலையகக் கதை ஒன்றைப் பாடமாக நடத்தும் ஆசிரியத் தோழர்கள் இதைத் தமக்குத் தாமே கேட்டுப் பார்க்க வேண்டும்.

முடிக்குமுன் நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். மழை நாள். கொழுந்து மடுவத்துக்கு முன்னால் படங்கை இடுப்பில் கட்டிய பெண்கள் வரிசையில் நின்றனர். பிரசவம் கழிந்து வேலைக்குத் திரும்பிச் சில நாளே ஆன இளம்பெண் ஒருத்தியின் கூடை குறைவாக இருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்க இடையில் இறங்கிப் போய் வந்திருந்தாள். அவளுக்கு முன்னால் நின்ற நடுவயதுப் பெண் ஒன்றும் பேசாமல் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போட்டாள். அடுத்து நின்றவளும் போட்டாள். அதற்கடுத்தவளும். தராசு முழுப்பேருக்கு வந்து நின்றது. கொடுத்தவர்களில் ஒருத்தி நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். ஒருத்தி கழுத்தில் சிலுவை தொங்கியது. அவர்களில் யாரும் தோட்டத்துக்குச் சொந்தக்காரியல்லள். கொடுத்தது தங்களுக்குரிய மேல்கிலோக் காசிலிருந்து.

திராட்சைத் தோட்டக் கதையில் சொந்தக்காரன் செய்ததை இங்கே கூலியாட்களே செய்தார்கள். கிருபையா உரிமையா என்று நாம் மேலே வருந்திய கேள்விக்கு இது முழு விடையாகாது. இரண்டு கை இலை ஒரு நாளைக்குத்தான் போதும். மறுநாள் மீண்டும் அதே தராசு. பால் கொடுக்கும் தாய்க்கு நிறையைக் குறைக்க வேண்டியது தோட்டத்தின் கடமை. அதைச் செய்ய வைப்பது சங்கத்தின் கடமை. ஆனால் ஒருவர் பேர் அரைப்பேராகக் கூடாது என்று அந்த மூன்று பெண்களுக்கும் தெரிந்திருந்தது. அந்த அறிவு இல்லாத இடத்தில் சங்கமும் எழாது, சபையும் எழாது.

அவர்களிடமிருந்து நாம் பாடம் எடுக்கத்தான் செய்கிறோம். எடுக்காமல் இருக்க முடியவில்லை. ஆகையால் நம்மைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்றையும் ஏற்றுக்கொள்வோம். தேவாலயத்திலோ, மேடையிலோ, வகுப்பறையிலோ, இந்த மக்களின் வாழ்விலிருந்து நாம் எந்தப் பாடத்தை எடுத்தாலும், அதைத் திங்கட்கிழமை மாலை கொழுந்து மடுவத்தில், தராசின் பக்கத்தில் நின்று, அந்த முதியவளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நம்மால் முடிய வேண்டும். தண்ணீருக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று அவள் கேட்டால் அதற்கும் விடை வைத்திருக்க வேண்டும்.